ராவிலெ ஒரெண்ணம்: பாலக்காட்டு எல்லையில் பாதி புரிகிற மருத்துவம்

மருந்துச் சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினால், அந்தப் பக்கமிருந்து ஒரு கை கவரில் மாத்திரையைப் போட்டுத் தரும். கூடவே வேகமாக ஒரு வரி வரும்: "ராவிலெ ஒரெண்ணம், மறக்கருது." மலையாளம் தெரிந்தவருக்கு இதில் சந்தேகமே இல்லை. ராவிலெ என்றால் காலையில். எங்கள் அம்மிச்சிக்கும், அதாவது அம்மாவின் அம்மாவுக்கும், சந்தேகம் இருக்கவில்லை. ராவுல ஒண்ணு, மறந்துடக் கூடாது. அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலேயே வாழ்ந்தவர் அம்மிச்சி. அப்புச்சி போன பிறகு தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல், 76 வயதில், சித்தூர் தாலுக்காவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காலில் வீக்கம் என்று காட்டப் போனபோது கொடுத்தது நீர் மாத்திரை. காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் நாலைந்து தடவை சிறுநீர் போய் வீக்கம் வடியும். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் அது நடுச்சாமத்தில் வேலை செய்யும். ஒன்பதாம் நாள் ராத்திரி, மூன்றாவது முறையாக எழுந்து புழக்கடைக்குப் போனவர் வாசப்படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மருந்து கொடுத்தவர் சரியாகத்தான் சொன்னார். அம்மிச்சியும் சொன்னதைச் சரியாகத்தான் கேட்டார். தப்பு நடந்தது இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரு சொல்லில். அந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் மருத்துவன் இல்லை, துணைக்குப் போகிறவன். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் எங்களைப் பைஸ்டாண்டர் என்பார்கள், கூட்டிரிப்புகாரர் என்பார்கள். தமிழ்நாட்டில் அட்டெண்டர். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்கும் சில விஷயங்கள் மேசைக்கு அந்தப்புறம் இருப்பவருக்குக் கேட்பதில்லை.

பல மொழி, பல வழக்கம் உள்ள மக்களுக்கு மருத்துவம் பார்ப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எங்கிருந்தோ வந்த அந்நியரையும் ஒரு வார்த்தை புரியாத மொழியையும்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள். எல்லையோரத்தில் நான் பார்ப்பது வேறு. இங்கே ஆளை விழவைப்பது பாதி தெரிந்த மொழி. புரியாத மொழி என்றால் இரண்டு பேரும் நின்று, கை காட்டி, திரும்பக் கேட்பார்கள். புரிந்த மாதிரி இருந்துவிட்டால் யாரும் நிற்பதில்லை.

இந்தப் பாதிப் புரிதலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி அரசரின் கீழே இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில் பாலக்காடு தனி மாவட்டமானது. கோடு போட்டார்களே தவிர, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஊர்க்காரர்கள் பேசுவது கொங்குத் தமிழாகவே இருந்துவிட்டது. மேற்கே நெல்வயல், கிழக்கே மழை மறைவுக் கரிசல். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். அதே 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐந்து லட்சம் பேர் அளவில். மூன்றேகால் கோடிக்கு மேலுள்ள ஒரு மாநிலத்தில் இது சிறிய எண்ணிக்கை. ஆனால் அவர்கள் மாநிலம் முழுக்கப் பரவி இல்லை. சில தாலுக்காக்களில் அடர்ந்து வாழ்கிறார்கள். அங்கே ஓ.பி. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்களாகவே இருப்பார்கள். மேசைக்குப் பின்னால் இருக்கும் இளம் டாக்டர் பி.எஸ்.சி. எனும் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாகத் திருச்சூரிலிருந்தோ மலப்புறத்திலிருந்தோ வந்திருப்பார். நல்லவராக இருப்பார். தமிழ்ப் படம் பார்ப்பார். தனக்குத் தமிழ் தெரியும் என்று மனதார நம்புவார்.

சொற்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். சும என்றால் இருமல். நீரு என்றால் வீக்கம். "பனியுண்டோ, சுமயுண்டோ, காலில் நீருண்டோ" என்று டாக்டர் கேட்பது ஒரு சாதாரண, முழுமையான கேள்வி வரிசை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒருவரின் காதில் அது மார்கழி மாதத்தையும் தலைச்சுமையையும் தண்ணீரையும் பற்றிய பேச்சாக விழும். கழிக்குக என்றால் மலையாளத்தில் உண்பது. "மருந்து கழிச்சோ?" என்று நர்ஸ் கேட்பது, மருந்து சாப்பிட்டாயா என்று. எங்கள் பக்கத்தில் கழிச்சல் என்றால் வயிற்றுப்போக்கு. "இல்லீங், ரெண்டு நாளாக் கழியலீங்" என்று ஒரு பாட்டி பதில் சொன்னால், அவர் மருந்தைத் தொடவில்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவை பழகிவிடும் என்பது உண்மைதான். சந்தையில், பஸ்ஸில், ரேஷன் கடையில் அவர்கள் மலையாளத்தைச் சிரமமில்லாமல் பேசுவார்கள். ஆனால் உடம்பைப் பற்றிய பேச்சு சந்தைப் பேச்சு இல்லை. வலியில், பயத்தில், நடு ராத்திரியில் மனிதனுக்கு முதலில் வருவது அம்மா சொல்லிக்கொடுத்த சொல்தான்.

போன வருடம் ஓர் ஓ.பி. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அறுபது தாண்டிய ஒரு கவுண்டர். நெஞ்சில் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று வந்திருந்தார். இளம் டாக்டர் நிதானமாகத்தான் கேட்டார்: "வலிக்காறுண்டோ?" மலையாளத்தில் வலிக்குக என்றால் இழுப்பது. பேச்சு வழக்கில் பீடி, சிகரெட் புகைப்பது. அதாவது, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். பெரியவர் சொன்னார்: "ஆமாங், மேடு ஏறுனா வலிக்குதுங். நின்னா விட்டுருதுங்." டாக்டர் தலையாட்டி எழுதினார். பிறகு புகையை விட்டுவிட வேண்டும் என்று இரண்டு நிமிடம் அக்கறையாகச் சொன்னார். பெரியவர் திகைத்துப் போய், "நான் பீடியத் தொட்டதேயில்லீங்களே" என்றார். அப்போதுதான் நான் குறுக்கே போய் விளக்கினேன். டாக்டரின் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. மேடு ஏறினால் நெஞ்சு வலிக்கிறது, நின்றால் விடுகிறது என்பது இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டிருக்கலாம் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் முதல் அடையாளம். அது அவர் வாயிலிருந்து முழுசாக வந்தது. கேட்டவர் காதில் பீடியாக விழுந்தது. அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் அந்த வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றது தற்செயல்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. வலிவு என்றால் மலையாளத்தில் ஆஸ்துமா இழுப்பு. வலிப்பு என்றால் நமக்குக் கை கால் வெட்டி இழுப்பது. "கொழந்தைக்கு வலிப்புங்க" என்று ஓடிவரும் தாயை நெபுலைசர் வைக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டால் இழக்கும் நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். மயக்கம் என்பது நமக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது. மலையாளத்தில் அது பெரும்பாலும் தூக்கக் கிறக்கம். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர் "மயக்கமா வருது" என்றால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். "கொஞ்சம் மயங்கிக்கோட்டே" என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை என்ற சொல்லும் இப்படித்தான். மலையாளத்தில் சர்க்கர வெல்லம். நாம் அஸ்கா என்பதை அவர்கள் பஞ்சசார என்கிறார்கள்.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காக இரண்டு மொழிகளையும் பகையாக்கவில்லை. கர்ப்பமானதை நம் பெண்கள் "முழுகாம இருக்கா" என்பார்கள். மலையாளப் பாட்டிமார் "குளி தெற்றி" என்பார்கள். இரண்டும் ஒரே குளியலைத்தான் சொல்கின்றன. இந்த உறவு தெரிந்த ஒரு நர்ஸ், புதுப் பெண்ணிடம் கூச்சமில்லாமல் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்.

நோய்ப் பெயர்களில் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. தட்டம்மையை நாம் மணல்வாரி என்போம். அங்கே அது அஞ்சாம்பனி. பொன்னுக்கு வீங்கிக்கு அங்கே முண்டிநீர். மஞ்சள் காமாலைக்கு மஞ்ஞப்பித்தம். எலிக்காய்ச்சலுக்கு எலிப்பனி. மழைக்காலத்தில் கேரளத்தில் உயிர் பறிக்கும் நோய்களில் எலிப்பனிக்கு முக்கிய இடம் உண்டு. எலி மூத்திரம் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் வேலை செய்பவர்களுக்குக் காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக ஏறும். அதனால் வயல் வேலைக்காரர்களுக்கும் தொழிலுறுதித் திட்டத்தில் மண் வெட்டுபவர்களுக்கும் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் மாத்திரையை வாங்கும் தமிழ்ப் பெண்ணுக்கு, எலியும் பனியும் ஏன் ஒன்றாக வருகின்றன என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மாத்திரை முந்தானை முடிச்சிலேயே கிடக்கும்.

அம்மை என்றால் கதையே வேறு. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை. மருந்தும் போவதில்லை. அதை மூடநம்பிக்கை என்று வாசலில் நின்று திட்டும் சுகாதாரப் பணியாளர் அடுத்த முறை அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாது. யோசித்துப் பார்த்தால், அந்த வழக்கத்தில் பாதி நல்ல மருத்துவம். நோயாளியைத் தனியாக வைக்கிறார்கள், விருந்தாளிகளைத் தடுக்கிறார்கள், எண்ணெயில் பொரித்ததைக் கொடுப்பதில்லை. குறை இருப்பது ஒரே இடத்தில். பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால் அசைக்ளோவிர் மாத்திரையை கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. "அம்மா எறங்கற வரைக்கும் வேப்பிலை இருக்கட்டும், இந்த மாத்திரையும் இருக்கட்டும்" என்று சொல்லத் தெரிந்த நர்ஸ் வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்தர் க்ளெய்ன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1978-இல் இதற்கென்று சில கேள்விகளை வகுத்துத் தந்தார்கள். சாரம் இதுதான்: உங்களுக்கு என்ன வந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? அது ஏன் இப்போது வந்தது? இதில் உங்களுக்கு எது ரொம்பப் பயமாக இருக்கிறது? தமிழர்கள் இப்படி, இருளர்கள் இப்படி, வங்காளிகள் இப்படி என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்று கேள்வி மேல் என்பது என் எண்ணம். பட்டியல் போட்டால் எதிரே இருக்கும் மனிதன் மறைந்து சாதியும் மொழியும்தான் தெரியும். வேப்பிலை செருகிய வீட்டுக்குள்ளேயே நர்சிங் படிக்கும் பேத்தி இருப்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொங்குப் பெரியவர்களின் "சரிங்" என்ற ஒரு சொல். டாக்டர் பேசி முடித்ததும் "சரிங்" என்று கைகூப்பி எழுந்துவிடுவார்கள். அது மரியாதை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். புரிந்தது என்று அர்த்தமில்லை. படித்தவர் முன்னால் "எனக்கு வெளங்கலீங்" என்று சொல்வது அவர்களுக்குக் கை நீட்டிக் கடன் கேட்பது மாதிரி.

இத்தனை நாள் இந்த விரிசல்கள் பெரிதாகத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், நடுவில் ஒரு ஆள் இருந்தார். இரண்டு மொழியும் தெரிந்த மகன், மலையாளப் பள்ளியில் படித்த மகள், மருமகள். இப்போது மாறிக்கொண்டிருப்பது அந்த நடு ஆள்தான். இந்தியாவில் முதியவர்களின் பங்கு அதிகமாக இருக்கும் மாநிலம் கேரளம். 2011-இல் 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம். 2021-க்கான மதிப்பீட்டில் 16.5 சதவீதம். 2031-இல் ஐந்தில் ஒருவர் முதியவராக இருப்பார் என்று மத்திய அரசின் புள்ளியியல் அறிக்கை கணித்திருக்கிறது. தமிழ்நாடும் பின்னாலேயே வருகிறது. 2021-இல் 13.6, 2031-இல் 18.2. இரண்டு மாநிலங்களிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இரண்டுக்கும் ஒரே எண்: 1.8. அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் கோவையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். கல்பாத்தி அக்ரகாரத்துத் தேர் வீதியில் நடந்தால், பூட்டாத வீடுகளில் பலவற்றில் இரண்டு வயதானவர்கள் மட்டும் இருப்பது தெரியும். கிழக்கே தென்னந்தோப்பு வீடுகளிலும் அதே கதைதான்.

இதில் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகும், நினைவு மங்கும் நோயிலும், பின்னால் கற்ற மொழி முதலில் உதிர்ந்து தாய்மொழி மட்டும் மிஞ்சுவது சிலருக்கு நடக்கும். நாற்பது வருடம் பாலக்காட்டு டவுனில் கடை வைத்து மலையாளத்தில் கணக்குப் பேசியவர், திடீரென்று தமிழ் மட்டும் பேசத் தொடங்குவார். அவரை மலையாளத்தில் கேள்வி கேட்டு நினைவாற்றலைச் சோதித்தால், இருப்பதைவிட மோசமான மதிப்பெண்தான் வரும். வீட்டுக்கு வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து, வலிக்கு மாத்திரை கொடுத்துப் போகும் பாலியேட்டிவ் கவனிப்பில் கேரளம் நாட்டுக்கே வழிகாட்டி. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. அந்த ஜீப் எங்கள் ஊர்களுக்கும் வருகிறது. சாகப்போகிறவரிடம் "எங்க வலிக்குது, என்ன பயமா இருக்கு" என்று கேட்பதற்குக்கூட அவருடைய மொழி இல்லையென்றால் அந்த ஜீப் கொண்டுவரும் மார்ஃபின் பாதி வேலைதான் செய்யும்.

நடு ஆள் போன இடத்தில் இப்போது உட்காருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். பாட்டியோடு வந்த பத்து வயதுப் பேத்தி மொழிபெயர்ப்பாள். வெள்ளைப்படுதலைப் பற்றி, கர்ப்பப்பை இறங்குவதைப் பற்றி எந்தப் பாட்டி பேத்தி வழியாகச் சொல்வார்? "கை கால் ஒளச்சல்னு சொல்லு கண்ணு" என்று முடித்துவிடுவார். டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதுவார்.

வாளையாறு வழியாகக் கஞ்சிக்கோட்டுக்குப் போனால் காட்சி மாறுகிறது. இரும்பு உருக்கு ஆலைகள் நிறைந்த அந்தத் தொழிற்பேட்டையில் ஒடியாவும் வங்காளியும் அசாமியும் இந்தியும் கேட்கும். கேரளம் முழுக்க இப்படி வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் பேர் இருப்பதாக 2013-இல் குலாட்டி நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு காலத்தில் பாலக்காட்டு வயல்களில் நாற்று நட எல்லை தாண்டிப் போனது நம் பெண்கள். இன்று பல வயல்களில் நடுவது வங்காளத்து இளைஞர்கள். அவர்களை அதிதி தொழிலாளர், அதாவது விருந்தாளித் தொழிலாளர் என்று கேரள அரசு அழைக்கிறது. 2017-இல் அவர்களுக்கென்றே ஆவாஸ் என்ற காப்பீட்டைக் கொண்டுவந்தது. 15,000 ரூபாய் வரை சிகிச்சை, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம்.

அங்கே ஒரு மருந்து ஜன்னலில் நான் பார்த்ததை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. ஒடியா இளைஞன் ஒருவன் கவரை வாங்கினான். உள்ளே இருந்த பெண் பேனாவை எடுத்து, கவரின் மேல் ஒரு சூரியனையும் ஒரு பிறையையும் வரைந்தார். சூரியனுக்குக் கீழே ஒரு கோடு, பிறைக்குக் கீழே ஒரு கோடு. சோற்றைக் காட்டி, பிறகு என்று கை காட்டினார். அவன் திருப்பிக் காட்டினான். சரி என்றார். அடுத்து நின்றவர் தமிழ்ப் பெண். அவருக்கு வேகமாக ஒரு வரி, கவர் கையில், அடுத்த ஆள். ஜன்னலுக்குள் இருந்த பெண்ணுக்கு எந்தப் பாரபட்சமும் இல்லை. இவருக்குப் புரியும் என்று நினைத்தார், அவ்வளவுதான். எங்கள் அம்மிச்சிக்குக் கிடைக்காத சூரியன் அந்த இளைஞனுக்குக் கிடைத்தது.

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் இதே தவறு இன்னொரு அடுக்கில் நடக்கிறது. இருளர், முடுகர், குறும்பர் வாழும் மலை அது. 1951-இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளச் சமவெளியிலிருந்தும் குடியேறியவர்களால் ஐம்பது வருடத்தில் அவர்கள் சொந்த மலையில் பாதிக்கும் கீழே ஆனார்கள். ராகியும் சாமையும் விளைந்த நிலம் கைமாறியது, ரேஷன் அரிசி வந்தது. 2013-இல் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் ரத்தசோகையும் ஊட்டக்குறையும் அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டன. அதன் பிறகு ஊர்களில் சமுதாயச் சமையலறைகள் வந்தன, கோட்டத்தறை அரசு ஆஸ்பத்திரி வளர்ந்தது, சிறுதானியத்தை மீட்கத் திட்டம் வந்தது. ஆனால் மொழி? இருளர் பேசுவதைக் கேட்டால் மலையாளி அதைத் தமிழ் என்பார். தமிழர் அதைக் கொச்சைத் தமிழ் என்பார். அது இருளமொழி, தனக்கென்று சொல்லும் இலக்கணமும் உள்ள மொழி. புரிந்த மாதிரி இருக்கும். இந்த விஷயத்தில் நாம் மலையாள டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அட்டப்பாடிக்குப் போகும் தமிழ் நர்ஸும் அதே தப்பைத்தான் செய்வார்.

அந்த மலையில் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நுண்குழாய்களில் சிக்கி, எலும்புக்குள் கத்தி போடுவது போல வலி வரும் பரம்பரை நோய். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952-இல், பக்கத்து நீலகிரியில்தான். 2023-இல் மத்திய அரசு அதை ஒழிக்கத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அந்த நோயாளி சொல்வது பெரும்பாலும் "கை கால் நோவு" என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லின் கனம் தெரியாதவர் அதைக் காட்டு வேலைக் களைப்பு என்று நினைத்து, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

பரம்பிக்குளத்தின் கதை தனி. அது பாலக்காடு மாவட்டத்து முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் அங்கே போகும் சாலை தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். பிரசவ வலி எடுத்தால் வண்டி முதலில் இறங்குவது வேறு மாநிலத்தில். பொள்ளாச்சியில் தமிழில் ஒரு அட்டை, பாலக்காட்டில் மலையாளத்தில் ஒரு அட்டை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் எங்கள் பெண்கள் எல்லாருக்கும் இதே நிலைதான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எல்லை தாண்டும்போது, அதுவரை எடுத்த ரத்தப் பரிசோதனையும் ஊசிக் கணக்கும் கூடவே தாண்ட வேண்டும். எங்கள் வீட்டில் அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நகையோடு பீரோவில் வைத்து, நகையைப் போலவே கையோடு கொண்டுபோவார்கள். இரண்டு மாநில ஆவணங்களையும் இன்று சேர்த்து வைத்திருப்பது அந்தப் பைதான்.

எதிர்த்திசையில் என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம். பாலக்காட்டிலிருந்து பெரிய சிகிச்சைக்குப் பல பேர் கோவைக்குத்தான் போகிறார்கள். அங்கே தனியார் ஆஸ்பத்திரிகளில் மலையாளப் பலகை உண்டு, மலையாளம் பேசும் நர்ஸுகள் எப்போதுமே உண்டு. பணம் கட்டி வருகிறவருக்கு மொழி கிடைத்துவிடுகிறது. இலவச ஓ.பி. சீட்டில் வருகிறவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதற்குச் சட்டத்தின் துணை இல்லாமல் இல்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதவும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கு எழுதவும், பதிலை அதே மொழியில் பெறவும் உரிமை தருகிறது. தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் என்று பாலக்காட்டுக்குத் தனியாகவே பி.எஸ்.சி. ஆள் எடுத்திருக்கிறது. நிலப்பத்திரத்துக்கு எடுத்த அந்த அக்கறையை மருந்துக் கவருக்கும் எடுக்க வேண்டும்.

இப்போதைக்கு அந்த இடைவெளியைத் தூக்கிச் சுமப்பவர்கள், வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தொண்டர்களான ஆஷா பணியாளர்கள். சுமார் ஆயிரம் பேருக்கு ஒருவர், அந்த ஊர்க்காரராகவே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் வார்டின் ஆஷாவுக்குத் தமிழ் தெரியும், யார் வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை என்றும் தெரியும். நர்ஸ் மலையாளத்தில் சொன்னதை அவர்தான் வாசலில் நின்று தமிழாக்குவார். மொழிபெயர்ப்பு அவர் வேலைப் பட்டியலில் இல்லை, அதற்குத் தனியே ஒரு காசும் இல்லை. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷா பணியாளர்கள் தலைமைச் செயலகத்தின் முன் இரவு பகலாகப் போராட உட்கார்ந்தபோது அவர்களுடைய மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். அந்த எண்ணைப் படித்தபோது, அம்மிச்சி விழுந்த ராத்திரியில் முதலில் ஓடிவந்தவர் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஓ.பி. சீட்டில் வயதுக்குப் பக்கத்தில் மொழி என்று ஒரு கட்டம். எல்லைத் தாலுக்காவுக்கு மாற்றலாகி வரும் டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் முதல் நாளே ஒரு பக்கத்தில் முப்பது சொல்: ராவிலெ, பனி, சும, நீரு, வலிக்குக, கழிக்குக, மயக்கம். எல்லா மொழிக்காரர் கவரிலும் சூரியனும் பிறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பிச் சொல்லவைப்பது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரிங்" என்றுதான் பதில் வரும். "வீட்டுக்குப் போய் இதை எப்பப் போடுவீங்க, எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டால் அரை நிமிடத்தில் தப்பு வெளியே வந்துவிடும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மிச்சி வாக்கரைப் பிடித்து நடக்கிறார். போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலில் புதிதாக ஒரு பெண். கவரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிய தமிழில், "அம்மே, இது எப்போ சாப்பிடும்? சொல்லுங்கோ" என்றார். அம்மிச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "காத்தால, காப்பி குடிச்சதும்" என்றார் அம்மிச்சி. அந்தப் பெண் கவரில் சூரியனை வரைந்தார். கொஞ்சம் யோசித்து, அதற்குப் பக்கத்தில் ஒரு டம்ளரையும் வரைந்தார்.